மூன்று வருஷத் தாமசம்

லீலாபாயிடம் இருந்தது இரண்டே ஆடு. அந்த ஆடி மாதத்தில் அவள் ஒடித்துக்கொண்டு வந்த பலாக்குழையோ பத்து ஆடு தின்றாலும் மிஞ்சும்.

காலையில் ஒரு தடவை இறங்குவாள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போனதும் இன்னொரு தடவை. மழை கொஞ்சம் ஓய்ந்தால் அதற்கும் ஒரு தடவை. அவள் குடியிருந்த வீட்டின் பின்பக்கத்திலேயே நாலு பலா நின்றது. அவளுக்கு அது கண்ணில் படாது. உதியன்குளங்கரை முக்கிலிருந்து தெற்கே இறங்கும் ஊடுவழியில் போய், தன் சொந்த வீட்டு வேலியோரம் நிற்கும் பலாவில்தான் அரிவாளை மாட்டுவாள். மாட்டிவிட்டு உள்ளே பார்ப்பாள். ஓடு சரிந்திருக்கிறதா, புதிதாக ஏதும் கட்டியிருக்கிறார்களா, கிணற்றடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பாள். பார்த்துவிட்டு வந்தபிறகு நெஞ்சு இன்னும் கொஞ்சம் கூடுதலாக அடிக்கும். அதை அடக்க மறுபடியும் போவாள்.

பதினொன்றே சென்ட் நிலமும் இரண்டு அறை ஓட்டுவீடும் அவள் கணவன் சுந்தரதாஸின் பங்கு. கொத்தனான அவன் எழுபத்தைந்தில் மஸ்கட்டுக்குப் போனான். பெண்டாட்டி பிள்ளைகளைத் தன் அண்ணன் ராஜதாஸ் வீட்டில் ஒரு அறையில் இருத்திவிட்டு, சொந்த வீட்டை ஒரே சபையைச் சேர்ந்த நேசமணிக்கு வாடகைக்கு விட்டான். வீடு பூட்டிக்கிடந்தால் கறையான் ஏறும், ஆள் இருந்தால் விளக்கெரியும் என்பது அவன் கணக்கு. வக்கீலைப் பார்த்து எழுதலாமே என்று நேசமணியே கேட்டானாம். ஒரே பந்தியில் அப்பம் வாங்குகிற நமக்குள் எதுக்குடே வக்கீல் என்று சுந்தரதாஸ் சிரித்திருக்கிறான். பம்பாய்க்கு ரயிலேறுவதற்கு முந்தினநாள், முக்கிலுள்ள கிருஷ்ணன்குட்டியின் தையல் மெஷின் பலகைமேல் வைத்து, அவனே மலையாளத்தில் எழுதினான். நேசமணி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். அதனால் அவனுக்கு ஒரு தமிழ் எழுத்து வேண்டும் என்று, இரண்டு பாஷையும் அறிந்த கிருஷ்ணன்குட்டி அதைப் பார்த்துத் தமிழில் எழுதிக் கொடுத்தான். ஆளுக்கொன்றாக மடித்து வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் கிருஷ்ணன்குட்டியும் துபாய்க்குப் போய்விட்டான். அந்தக் காகிதத்துக்கு அர்த்தம் சொல்லத் தெரிந்த இரண்டு பேருமே இப்போது கடலுக்கு அந்தப்புறம்.

லீலாபாயின் காகிதத்தில் மொத்தமே ஏழு வரி. அதில் இரண்டு வரி அவளுக்கு மனப்பாடம். நான் திரும்பி வந்தால் வீடு ஒழிந்து தரவேண்டும். மூன்று வருஷத்துக்குக் கூடுதல் தாமசமானால் நேசமணியை இறக்கிவிடக் கூடாது.

வருகிற ஆவணி ஐந்து, திங்கட்கிழமை, மூன்று வருஷம் முடிகிறது.

அந்த வருஷங்களில் ஊரில் யார் வாயைத் திறந்தாலும் குடிகிடப்புப் பேச்சுதான். அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டுக் கிடந்தவனுக்குப் பத்து சென்ட் சட்டப்படி அவன் பேருக்குப் பதித்துக் கிடைத்தது. நேற்றுவரை முற்றத்தில் நின்று பேசியவன் இன்று வேலி கட்டினான். அது நியாயம்தான் என்று லீலாபாயும் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அப்பனும் அப்படிக் கிடந்தவர்தான். ஆனால் கோர்ட்டில் பியூனாக இருந்து ஓய்வு பெற்ற சுயம்பு, ஒருநாள் சாயாக்கடைத் திண்டில் இருந்துகொண்டு ராஜதாஸிடம் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தார். மூன்று வருஷம் குடியிருந்தால் இறக்க முடியாது என்று உன் தம்பியே எழுதிக் கொடுத்திருக்கிறானே, திங்கள் விடிந்தால் அவன் குடிகிடப்புக்காரன் என்று கையை விரித்தார்.

"பத்து சென்ட் அவனுக்குப் போகும். பின்னே உங்களுக்கு ஒரு சென்ட் மிச்சம் உண்டு. கிணறு அதுல நிக்கும். தண்ணி கோரிக் குடிச்சுட்டுக் கிடக்கலாம்."

சாயாக்கடையில் எல்லாரும் சிரித்தார்களாம். ராஜதாஸ் அதை வீட்டில் வந்து சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

லீலாபாய் கணவனுக்குக் கடிதம் போட்டாள். பதில் வர ஒரு மாதமாயிற்று. எழுத்தில் உள்ளபடி செய் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, இப்போது கொஞ்சம் தாமசம் உண்டு, கம்பெனி சரியாக்கித் தரும், நீ விசனப்பட வேண்டாம் என்று இன்னொரு வரி. இதுவரை தகர ஷெட்டில் எட்டுப் பேரோடு படுத்தவனுக்குக் கம்பெனி இப்போது தங்க இடம் கொடுத்துவிட்டது என்று அவளுக்கு அந்தக் கவலையிலும் ஒரு ஆறுதல். ஓணத்துக்கு லீவில் வருவதாக முந்தின கடிதத்திலேயே எழுதியிருந்தான். அவன் வந்தால் எல்லாம் சரியாகும். ஆனால் ஓணம் திங்கட்கிழமைக்குப் பிறகுதான் வந்தது.

ராஜதாஸின் பெண்டாட்டி சுகுமாரிக்கு வேறு அவசரம். மூத்த மகனுக்கு ஓணம் கழிந்து கல்யாணம். வருகிற மருமகளுக்கு ஒரு அறை வேண்டும். அந்த அறையில்தான் லீலாபாயும் இரண்டு பெண்பிள்ளைகளும் கிடந்தார்கள். சுகுமாரி நேரே எதுவும் சொல்லமாட்டாள். ஆட்டைப் பார்த்துச் சொல்லுவாள். சொந்தமாகத் தொழுவம் உள்ளதெல்லாம் அடுத்தவன் தொழுவத்தில் கிடந்து முட்டுதே என்பாள்.

ஆவணி பிறந்த அன்று லீலாபாய் வேலியோரம் போனபோது, கிணற்றடியில் நேசமணியின் மனைவி விலாசினி குழி வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தென்னம்பிள்ளை. வாடகைக்கு இருக்கிறவள் கீரை போடுவாள், மிளகாய் போடுவாள். ஏழு வருஷம் கழித்துக் காய்க்கிற தென்னையை எதற்கு வைக்கிறாள்? லீலாபாயின் அரிவாள் கை தவறிக் கீழே விழுந்தது. விலாசினி நிமிர்ந்து பார்த்தாள். எப்போதும் அக்கா என்று சிரிக்கிறவள் அன்று சிரிக்காமல் மண்ணைக் கொத்தினாள்.

அன்று மாலையே ராஜதாஸ் முடிவு சொன்னான். ஞாயிற்றுக்கிழமை நேசமணி குடும்பத்தோடு ஆராதனைக்குப் போவான். திரும்பிவர மதியமாகும். அதற்குள் நாலு பேரோடு போய்ப் பாத்திரம் பண்டங்களைச் சபை முற்றத்தில் இறக்கிவிட்டு, வீட்டுக்கு வேறு பூட்டுப் போட்டுவிட வேண்டியது. சுயம்புவும் அதுதான் நல்லது என்றாராம்.

"நீ உள்ள ஏறி இருந்தா மதி, அதே போதும். பின்னே அவன் கேஸ் குடுக்கட்டு. உள்ள இருக்கிறவனுக்காக்கும் சட்டம்."

லீலாபாய் தலையை ஆட்டினாள். ஆட்டிய தலை அதன்பிறகு நிலைகொள்ளவில்லை. அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தவள் எழுந்து ஆட்டைப் பார்க்கப் போனாள். அங்கே எதற்குப் போனோம் என்று மறந்து, கிணற்றுக்குப் போனாள். உள்ளே இருக்கிறவனுக்குத்தான் சட்டம் என்றால், இப்போது உள்ளே இருக்கிறது நேசமணிதானே? இதைச் சுயம்பு யோசித்தாரா? விலாசினியின் பிள்ளைப்பேற்றுக்கு வெந்நீர் போட்டது அவள். அந்தப் பிள்ளையின் தொட்டிலை முற்றத்தில் தூக்கி வைக்கிற காட்சி கண்ணுக்குள் வந்து நின்றது. மாற்றிப் பார்த்தால், தன் பெண்பிள்ளைகளின் துணிப்பெட்டி சுகுமாரியின் முற்றத்தில் இருக்கிற காட்சி வந்தது. இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், போஸ்டாபீஸில் ஒரு வேலை உண்டு என்று சொல்லிவிட்டு, காகிதத்தையும் கணவனின் கடிதத்தையும் பைக்குள் திணித்துக்கொண்டு நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினாள். அங்கே சௌதாமினி என்று ஒரு வக்கீல் இருப்பதாகச் சபையில் பெண்கள் பேசிக் கேட்டிருந்தாள். ஆம்பிளை வக்கீலிடம் வாய் திறக்க அவளுக்கு வெட்கம்.

பஸ்ஸில் இரண்டு சீட்டு முன்னால் விலாசினி இருந்தாள்.

இரண்டு பேரும் கண்டார்கள். இரண்டு பேரும் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அமரவிளைப் பாலம் வந்தபோது ஆற்றைப் பார்க்கிற சாக்கில் லீலாபாய் ஒரு பக்கமும் விலாசினி மறுபக்கமும் திரும்பிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த ஒருத்தி கேட்டதற்கு, பிள்ளைக்குச் சளி, ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கப் போகிறேன் என்று விலாசினி கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். பிள்ளை அவள் இடுப்பில் இல்லை.

இறங்கியதும் லீலாபாய் சந்தைக்குள் நுழைந்து, வேண்டாத மரச்சீனிக் கிழங்கை விலைகேட்டு, மீன்காரியிடம் ஏச்சு வாங்கி, மூன்று தெரு சுற்றி, கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த வக்கீலின் அறைவாசலுக்கு வந்தாள். வாசலில் ஒரு குடை சாத்தியிருந்தது. கைப்பிடி ஒடிந்து, அதில் சைக்கிள் டியூப் சுற்றிய குடை. அந்தக் குடையை அவளுக்குத் தெரியும்.

திரும்பிவிடலாம் என்று காலை எடுத்தாள். அதற்குள் குமாஸ்தா, பேரென்ன, என்ன விஷயம், வீடு எங்கே என்று கேட்டான். உதியன்குளங்கரை என்றதும் உள்ளேயிருந்து விலாசினி எட்டிப் பார்த்தாள். அவள் முகம் காகிதம்போல வெளுத்திருந்தது.

சௌதாமினி வக்கீலுக்கு முப்பது வயதுகூட இருக்காது. விஷயம் பிடிபட்டதும் பேனாவை மூடி வைத்தாள். இவர்கள் முதலில் வந்துவிட்டார்கள், ஒரே வீட்டுக்கு இரண்டு கட்சிக்கும் ஒரே வக்கீல் பேச முடியாது, உங்களுக்கு நான் ஆலோசனை சொன்னால் அது சரியாகாது, எதிர் வரிசையில் ஒரு வயதான வக்கீல் உண்டு, அவரைப் பாருங்கள் என்றாள். லீலாபாய் எழுந்தாள். அப்போது விலாசினிதான் அவள் முந்தானையைப் பிடித்தாள்.

"அக்கா, உங்க கையில உள்ள எழுத்த ஒண்ணு காட்டுங்க. எங்க கையில உள்ள எழுத்துல குடியிருப்புன்னுதான் இருக்கு. நான் பொய் சொல்லல்ல."

"நான் எப்பம் பொய்யின்னு சொன்னேன்? தென்னம்பிள்ள வச்சவ நீதானே?"

"அது எனக்க தம்பி கொண்டுவந்து தந்தது. வாடிப்போவும்னு வச்சேன். நீங்க தெனமும் அரிவாளோட வேலிக்கப் பக்கம் வந்து நின்னா, நான் தப்பா ஏதும் நினைக்காம இருக்க முடியுமா?"

லீலாபாய் பைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். விலாசினியின் காகிதம் ஏற்கெனவே அங்கே விரித்துக் கிடந்தது.

படிப்பது ஆலோசனை ஆகாது என்று சொல்லிவிட்டு சௌதாமினி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். ஒரு தடவை படித்தாள். பிறகு ஒரு விரலை மலையாளத்திலும் ஒரு விரலைத் தமிழிலும் வைத்து இன்னொரு தடவை படித்தாள். அவள் உதடு கொஞ்சம் கோணியது.

"இது எழுதினது உங்க புருஷன். இதப் பார்த்துத் தமிழ்ல எழுதினது வேற ஆள். இல்லியா?"

தையல்காரன் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"இதுல தாமசம்னு இருக்கு. மலையாளத்துல தாமசம்னா குடியிருக்கிறதும் ஆகும், நேரம் பிந்துறதும் ஆகும். இதுக்கு மேல உள்ள வரி என்ன? நான் திரும்பி வந்தால். அப்போ அடுத்த வரி யாருக்கத் தாமசம்? அவருக்குள்ளது. நான் வர மூணு வருஷத்துக்கு மேல பிந்திப்போனா, எனக்க ஆளுங்க அவசரப்பட்டு நேசமணிய இறக்கிவிடக் கூடாது, நான் வாறதுவரை பொறுக்கணும். இதாக்கும் அவர் எழுதினது. தையல்காரர் அதக் குடியிருப்புன்னு தச்சுட்டாரு."

விலாசினி தன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

அந்த மூன்று வருஷம் சட்டத்திலிருந்து வந்ததல்ல, உங்கள் புருஷனின் பேனாவிலிருந்து வந்தது என்று சௌதாமினி கடைசியாகச் சொன்னாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லாமல் லீலாபாயை எதிர் வரிசைக்கு அனுப்பினாள்.

எதிர் வரிசை வக்கீலுக்குக் காது மந்தம். வெட்கப்பட்டு மெல்லப் பேச வந்த லீலாபாய், தன் வீட்டுக்கதையை அந்தத் தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடித்தபோது பாதிப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அவர் கேட்டது இரண்டே கேள்வி. அவர்கள் எந்த வருஷம் வந்தார்கள்? அவர்களுக்கு வேறு நிலம் உண்டா? முதலாவதுக்குப் பதில் சொன்னாள். இரண்டாவது தெரியாது என்றாள். பத்து சென்டுக்கு மேல் சொந்த நிலம் உள்ளவனுக்குக் குடிகிடப்பே இல்லை. குடிகிடப்புச் சட்டத்துக்கு ஒரு தேதி உண்டு, அது எழுபதுக்கும் முன்னால் இருந்து கிடப்பவர்களுக்கு, எழுபத்தைந்தில் வாடகைக்கு வந்தவன் திங்கட்கிழமை விடிந்ததால் மட்டும் குடிகிடப்புக்காரன் ஆகமாட்டான் என்றார். அதற்காக ஞாயிற்றுக்கிழமை பாத்திரத்தைத் தூக்கிப் போட்டால், போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்பது ராஜதாஸோடு நீயும்தான். வீடு உனக்கு வேண்டும் என்றால் அதைச் சொல்லி முறையாக நோட்டீஸ் கொடு, தவணை கொடு. ஒத்துப்போவார்கள் என்றால் புதிதாக எழுது. ஆனால் எழுதும்போது அவர்கள் வக்கீலும் பார்க்கட்டும், நானும் பார்க்கிறேன். கடைசியில் எழுந்து நின்று, தையல் மெஷின்மேல் வைத்து வேண்டாம் என்றார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் விலாசினி நின்றிருந்தாள். இரண்டு பஸ்ஸை விட்டிருப்பாள்போல. இந்தத் தடவை ஒரே சீட்டில் இருந்தார்கள். பாலம் தாண்டியதும் விலாசினி கையைப் பிசைந்தாள்.

"வக்கீலம்மா வேற நிலம் உண்டான்னு கேட்டா. எனக்கு மறைக்கத் தெரியல்ல அக்கா. எங்க அப்பன் எனக்கப் பேருல தந்தது உண்டு. பாறைப்பூமி. பன்னிரண்டு சென்ட்."

"பன்னிரண்டா?"

"ம்."

"எனக்கு உள்ளதே பதினொண்ணாக்கும்."

விலாசினி முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று லீலாபாய் தொடப்போனாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். லீலாபாய்க்கும் சிரிப்பு வந்தது. பாறையை உடைத்து அஸ்திவாரம் போட மாசிவரை ஆகும், அதுவரை எங்களை இறக்காமல் இருந்தால் போதும் என்று விலாசினி சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டே, பைக்குள் காகிதத்தை வைக்கப்போன லீலாபாயின் விரலில் கணவனின் கடிதம் தட்டுப்பட்டது.

அவள் அதை எடுத்துப் பிரித்தாள். இப்போது கொஞ்சம் தாமசம் உண்டு. கம்பெனி சரியாக்கித் தரும். நீ விசனப்பட வேண்டாம்.

தங்குகிற இடம் கிடைத்ததற்கு யாராவது விசனப்படுவார்களா?

ஒரு மாதமாக அந்த வரியை அவள் தினமும் படித்திருக்கிறாள். ஓணத்துக்குப் பிள்ளைகளின் அப்பன் வருகிறார் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். மகள்களில் பெரியவள் அப்பன் வரும் நாளை எண்ணப் புது நாட்காட்டி வாங்கி வைத்திருக்கிறாள். கடிதத்தை மடித்தபோது அது நாலாக மடியாமல் கோணிப்போயிற்று. என்ன அக்கா என்று விலாசினி கேட்டாள். அவருக்குத் தாமசம் என்று மட்டும் லீலாபாய் சொன்னாள். எந்தத் தாமசம் என்று விலாசினி கேட்கவில்லை.

சனிக்கிழமை ராஜதாஸிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. அறுபது வயது சுயம்புவுக்குத் தெரியாத சட்டமா என்றான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மணி அடித்தபோது லீலாபாய் சபைக்குப் போகவில்லை. தன் வீட்டு நடையில் போய் உட்கார்ந்தாள். பூட்டிய கதவுக்கு முதுகைச் சாய்த்து, மடியில் அரிவாளும் இல்லாமல், குழையும் இல்லாமல்.

ராஜதாஸ் நாலு பேரோடு வந்தான். அவளைக் கண்டதும் சுத்தியலைப் பின்னால் மறைத்தான்.

"எழும்பு பிள்ளே. உனக்குள்ள வீட்டத்தானே எடுத்துத் தரப்போறோம்."

"வேண்டாம் அண்ணா. பூட்ட உடச்சா நான் போலீஸ்ல உங்க பேரச் சொல்லுவேன். எனக்கப் பேரும் சொல்லுவேன்."

அந்த நாலு பேரில் ஒருவன் பீடி பற்றவைக்கிற சாக்கில் ஊடுவழிக்கு நழுவினான். பிறகு இன்னொருவன். ராஜதாஸ், நன்றி கெட்டதுகளை வீட்டில் ஏற்றினால் இப்படித்தான் என்று யாரிடமென்று இல்லாமல் சொல்லிவிட்டுப் போனான்.

மதியம் அவள் திரும்பிப் போனபோது, சுகுமாரி இம்முறை ஆட்டைப் பார்த்துப் பேசவில்லை. பேசவே இல்லை. துணிப்பெட்டியும் பாயும் முற்றத்தில் இருந்தன. பெரியவள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் இரண்டு ஆட்டையும் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெட்டி தலையில், பாய் இடுப்பில், ஆடும் பிள்ளைகளும் பின்னால். லீலாபாய் எங்கே போகிறோம் என்று யோசிக்காமல் நடந்தாள். கால் பழகிய வழியில் அதுவே போயிற்று. வேலியோரம் வந்துதான் நின்றாள். ஆராதனை முடிந்து வந்த நேசமணி முற்றத்தில் நின்றிருந்தான். நடந்ததை யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். அவன் ஒன்றும் கேட்காமல் வந்து அவள் தலையிலிருந்து பெட்டியை இறக்கினான். விலாசினி வீட்டோடு சேர்த்து இறக்கிய பக்கச் சாய்ப்பில் கிடந்த விறகை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். ஆடு இரண்டும் தென்னம்பிள்ளையைக் கண்டு கயிற்றை இழுத்தன. லீலாபாய் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தாள்.

"ஏறி வாங்க அக்கா. சாய்ப்புல கிடக்கலாம். மாசிவரை ஒண்ணாக் கிடப்போம்."

லீலாபாய் நடையில் ஒரு காலை வைத்தாள். வைத்த காலைத் திரும்ப எடுத்தாள்.

"எழுதாம ஏறமாட்டேன்."

நேசமணிக்குப் புரியவில்லை. சொந்த வீட்டில் ஏற என்ன எழுத்து என்றான். அதற்குத்தான் எழுத்து என்றாள் அவள். யார் யாருக்கு இடம் கொடுத்தது, எந்த அறை, எந்தத் தேதிவரை, இரண்டு பாஷையிலும். நாளைக்கு இரண்டு வக்கீலும் பார்க்கட்டும், இன்றைக்கு இருக்க ஒரு துண்டுச்சீட்டு மதி. விலாசினி உள்ளே போய்ப் பிள்ளையின் தொட்டிலைத் தள்ளிவிட்டு, ஒரு நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். நடைக்கல்லில் வைத்து பென்சிலை நாக்கில் தொட்டாள். மழை வருகிறாற்போல இருந்தது. சின்னவள் பசிக்கிறது என்றாள்.

"சரி, சொல்லுங்க. எத்தன நாள் தாமசம்னு எழுத?"

"அந்த வார்த்த மட்டும் வேண்டாம்," என்றாள் லீலாபாய்.